ரிட்ரீட் முடிந்து ஊருக்கு வந்தாச்சு, அப்புறம்? வேலூர்ப் பக்கத்து வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதம் வந்தால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் சபைகளிலிருந்து பிள்ளைகள் வேன் பிடித்து ரிட்ரீட் என்னும் தியான முகாமுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பல சபைகளுக்கு ஏலகிரிதான் வசதி. ஜோலார்பேட்டை தாண்டி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும், கீழே 40 டிகிரி கொதிக்கும்போது அங்கே சாயங்காலம் காற்று சிலுசிலுவென்று இருக்கும். போய்விட்டு வருகிறவர்கள் ஒரு வாரம் முகமெல்லாம் வெளிச்சமாகத் திரிவார்கள். ஜூனில் காலேஜ் திறந்ததும், அல்லது ஷிஃப்ட் தொடங்கியதும், ஒவ்வொருவராகத் தனியாக வந்து கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இங்கே இருக்கின்றன. நான் ஆயர் இல்லை, இறையியல் கல்லூரியில் படித்ததும் இல்லை. சபையில் வாலிபர் குழுவைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, அவ்வளவுதான்.

அக்கா, மலையில் இருந்த அந்த உணர்வு பத்து நாளில் போய்விட்டது. அப்படியென்றால் நான் அங்கே அழுதது, ஜெபித்தது எல்லாம் பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். வீட்டு வேலை இல்லை, பரீட்சை இல்லை, குளிர்ந்த காற்று, சுற்றிலும் உங்கள் வயசுப் பிள்ளைகள், கிட்டாரோடு பாட்டு. உடம்பும் மனசும் லேசாகத்தான் இருக்கும். தேவன் அதையும் பயன்படுத்துகிறார், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சூழல் போனதும் அதோடு வந்த உணர்வு குறைவதும் இயல்புதான்.

இயேசு சீஷர்கள் முன்னால் பிரகாசமாக மாறிய மறுரூப மலையில் பேதுரு சொன்னதும் இதுதான்: "ஆண்டவரே, நாம் இங்கே இருக்கிறது நல்லது." கூடாரம் போட்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று பார்த்தார். நடந்தது என்ன? இறங்கி வந்தவுடன் கீழே ஒரு தகப்பன், நோயாளிப் பிள்ளையோடு நிற்கிறார். கீழே இருந்த சீஷர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஜனங்கள் கூடிவிட்டார்கள், ஒரே வாக்குவாதம். மத்தேயு 17-ஐ ஒரு தடவை முழுசாக வாசியுங்கள். மலைக்காட்சியோடு நிறுத்தாமல் அந்தத் தகப்பன் வரும் இடம் வரைக்கும் போங்கள்.

எலியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்தவர், கொஞ்ச நாளில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு செத்துப்போகிறேன் என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். ரிட்ரீட்டில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான்: இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். "என் விசுவாசம் போய்விட்டதா" என்ற கேள்வியை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே மிஞ்சாது.

தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிப்பதாகத் தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாளே முடியவில்லை.

யாராலும் முடியாது, வருத்தப்படாதீர்கள். கடைசி நாள் ராத்திரி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதும் தீர்மானங்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறித்தான் இருக்கும். நடத்துகிறவர்களிடமும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு: அந்தக் காகிதத்தை மறுநாள் காலை சாப்பிட்ட பிறகு கொடுத்தால் பிள்ளைகள் இன்னும் நிதானமாக எழுதுவார்கள்.

அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் பதினைந்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம்தான், ஒரு நாளைக்கு ஒன்று என்று வாசியுங்கள். ஆதியாகமத்தில் ஆரம்பிக்க வேண்டாம். உற்சாகமாக ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோன பிள்ளைகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். மாற்கு முடிந்ததும் சங்கீதம், நீதிமொழிகள் என்று போகலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்தின் எந்தத் தேதியோ அந்த அதிகாரம். தேதி தெரிந்தால் போதும், புக்மார்க்கே வேண்டாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு அதிகாரம் வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் போல மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். விட்டது விட்டதுதான், இன்றைய பகுதியை எடுங்கள்.

ஜெபத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லையா? சங்கீதம் ஒன்றைச் சத்தமாக வாசித்து, அதிலேயே நின்றுவிடுங்கள். மேடையில் ஜெபிப்பவர்கள் போல மடமடவென்று வார்த்தை வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எங்கள் வீடு ஒரே அறை. டிவி, தம்பி, பாட்டி எல்லாம் அங்கேயேதான். தனியாக ஜெபிக்க எங்கே போவது?

"அறைவீட்டுக்குள் பிரவேசித்து கதவைப் பூட்டு" என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் இந்தப் பிள்ளைகளின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். வெயில் ஏறுவதற்கு முன் மொட்டை மாடி நல்ல இடம். கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் காலையில் நடக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அகழியோரம் உட்காரலாம். பகலில் நம் சபைக் கோவில் திறந்திருந்தால் பின் வரிசையில் கொஞ்ச நேரம். ஆஸ்பத்திரிக்கு வேலைக்கோ துணைக்கோ போகிறவர்களுக்கு சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வளாகத்துக்குள்ளேயே சாப்பல் இருக்கிறது. அங்கே நோயாளியின் சொந்தக்காரர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே ஜெபம் என்றால் என்னவென்று பாதி புரியும். பஸ்ஸில் ஜன்னல் ஓரமும் இடம்தான், கண்ணை மூட வேண்டும் என்பதில்லை.

எனக்கு ஷிஃப்ட் வேலை. ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு வந்து காலைத் தியானமா?

தூங்குங்கள். நர்சிங் படிப்பவர்கள், நைட் டியூட்டி பார்ப்பவர்கள், விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் பிடிப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். "அதிகாலைத் தியானம்" என்ற ஒரே அச்சு எல்லாருக்கும் பொருந்தாது. வேலைக்குப் போகும் முன்போ இடைவேளையிலோ பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 134-இல் மூன்றே வசனம். அது இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரைப் பற்றியது. ராத்திரி வார்டில் நிற்கிறவர்களுக்கு அதைத்தான் எழுதிக் கொடுப்பேன்.

ரிட்ரீட்டில் ஆராதனை எப்படி இருந்தது! நம்ம கோவிலில் ஒரே கீர்த்தனை, நீளமான பிரசங்கம், தூக்கம் வருகிறது. டவுனில் வேறு சபைக்குப் போகலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், உங்கள் குறை நியாயமானது. சில கோவில்களில் வாலிபர்களுக்குக் கிடைக்கும் ஒரே பொறுப்பு நாற்காலி எடுத்துப்போடுவது. பிரசங்கம் நீளமாக இருந்தும் அதில் ஒன்றும் இல்லாத ஞாயிறுகள் உண்டு. இதை ஆயரிடம் மரியாதையாகச் சொல்லலாம். "ஐயா, மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையை வாலிபர்கள் நடத்தட்டுமா" என்று கேட்டால் சரி என்று சொல்பவர்கள்தான் அதிகம். கேட்காமலே முணுமுணுப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

இரண்டாவது, மூன்று நாள் ரிட்ரீட்டையும் வருஷத்துக்கு 52 ஞாயிறு நடக்கும் ஆராதனையையும் ஒப்பிடுவது சரியில்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொண்டு வீட்டுச் சாம்பாரைக் குறை சொல்லலாமா? அதைத் தின்றுதானே வளர்ந்தோம்.

மூன்றாவது, ரிட்ரீட்டில் எல்லாரும் உங்கள் வயசு. கோவிலில் முழங்கால் வலியோடு படி ஏறி வரும் பாட்டி இருக்கிறார், குடிகாரக் கணவரோடு வாழும் அம்மா இருக்கிறார், பென்ஷன் வராமல் அலையும் பெரியவர் இருக்கிறார். இவர்களில் யாருக்கும் ஆராதனையில் மெய்சிலிர்ப்பதில்லை, ஆனாலும் முப்பது நாற்பது வருஷமாக வருகிறார்கள். உணர்ச்சி இல்லாமலும் விசுவாசத்தில் நிற்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தப் பாட்டியிடம் கேளுங்கள். ஆராதனை முடிந்து அவரைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும்போது கேளுங்கள். இந்த விஷயத்தில் எந்தப் பேச்சாளரையும் விட அவருக்கு அனுபவம் அதிகம்.

சபை மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போதனை வேதத்துக்கு விரோதமாக இருந்தாலோ, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லாத இடமாக இருந்தாலோ தாராளமாக மாறலாம், மாற வேண்டும். டிரம்ஸ் இல்லை என்பது அந்தக் கணக்கில் வராது. கத்தோலிக்கப் பங்கிலிருந்து தியானத்துக்குப் போய் வந்த பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்: ஞாயிறு திருப்பலியையும் ஒப்புரவையும் விட்டுவிட்டு அடுத்த தியானத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

ரிட்ரீட் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் வசனம் வருகிறது. அது போதாதா?

போதாது. ஜூலைக்குள் அந்தக் குரூப்பில் குட் மார்னிங் படமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் மிஞ்சும். அதிலிருந்து உங்கள் தெருவிலோ காலேஜிலோ இருக்கும் இரண்டு பேரைப் பிடியுங்கள். வாரம் ஒரு முறை நேரில் சந்தியுங்கள், டீக்கடையானாலும் சரி. மூன்றே கேள்வி: என்ன வாசித்தாய், எதில் தடுமாறினாய், எதற்காக ஜெபிக்க வேண்டும்? அரை மணி நேரம் போதும். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. இது ஒன்று நடந்தாலே பல பிள்ளைகள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

சாயங்காலக் கூடுகைக்கு என்னை வீட்டில் அனுப்புவதில்லை. அண்ணன் மட்டும் போகிறான்.

பெண் பிள்ளைகள் எல்லாரும் சொல்வது இது. பெற்றோரின் பயத்திலும் நியாயம் உண்டு, ஏழரை மணிக்கு மேல் சில ஊர்களுக்குப் பஸ்ஸே இல்லை. அதனால் கூடுகையின் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வைத்தால் எல்லாரும் வரலாம். நேரத்தைத் தீர்மானிக்கும் கமிட்டியில் ஒரு பெண் பிள்ளையாவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால் என்னைப் போன்ற அக்கா ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசி நாள் முழுநேர ஊழியத்துக்குக் கை தூக்கினேன். இப்போது பயமாக இருக்கிறது. தேவனுக்குக் கொடுத்த வாக்கை, பொருத்தனையை, மீறினால் சாபமா?

கை தூக்கியதை அற்பமாக நினைக்காதீர்கள், அதே சமயம் அதை ஒரு கண்ணியாகவும் ஆக்கிக்கொள்ளாதீர்கள். அவசரப்பட்டு வாயைத் திறக்காதே என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரமே சொல்கிறது. அழைப்பு உண்மையானால் அது காத்திருக்கும், படிப்பு முடியும்வரை பொறுக்கும், பெரியவர்கள் சோதித்துப் பார்ப்பதையும் தாங்கும்.

வேலூரில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையை நாம் எல்லாரும் சண்டே ஸ்கூலில் கேட்டிருக்கிறோம். 1870-இல் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்தே இந்தப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி குடும்பம். ஆனால் அவருக்கு மிஷனரி ஆகும் எண்ணம் துளியும் இல்லை. நோயுற்ற அம்மாவுக்கு உதவத்தான் திண்டிவனம் வந்தார், அமெரிக்காவுக்குத் திரும்பிப் போவதுதான் திட்டம். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா டாக்டராவது என்று முடிவெடுத்தார்.

சண்டே ஸ்கூலில் கதை இங்கேயே முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கப்புறம் நடந்தது. அவர் மறுநாளே ஊழியத்தில் இறங்கவில்லை. அமெரிக்கா போனார், மருத்துவம் படித்தார், 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார், 1900-இல்தான் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். தொடங்கியது ஒரு படுக்கையோடு. 1902-இல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் குடியாத்தம் சாலையோரம் வாரம் தவறாமல் மரத்தடி வைத்தியம். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான். அந்த ஒரு ராத்திரிக்கும் இதற்கும் நடுவில் எத்தனை பரீட்சை, எத்தனை கப்பல் பயணம், எத்தனை சாதாரணத் திங்கட்கிழமை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ராத்திரி எடுத்த முடிவுக்கு அவர் காட்டிய விசுவாசம் உடற்கூறியல் புத்தகத்தைப் படித்ததில் இருந்தது.

ஏலகிரியிலிருந்து இறங்கினால் திருப்பத்தூர். அங்கே 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் ஜேசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இருவர். இருவரும் டாக்டர்கள். எளிமையாக வாழ்ந்து, சுற்று வட்டாரத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். திராவிடக் கோவில் பாணியில் அவர்கள் கட்டிய ஆலயத்தை இன்றும் பார்க்கலாம். அடுத்த ரிட்ரீட்டில் வேனை அங்கே அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆகையால் இப்போது செய்ய வேண்டியது: பாதியில் படிப்பை விடாதீர்கள். ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சண்டே ஸ்கூலில் ஒரு வகுப்பை எடுத்து ஒரு வருஷம் விடாமல் நடத்துங்கள். நாலு சின்னப் பிள்ளைகளுக்கு வாராவாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசலாம். "உடனே படிப்பை விட்டுவிட்டு எங்களோடு வா" என்று யாராவது அவசரப்படுத்தினால், அவர் எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும், ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இயேசுவை நம்புகிறேன். ரிட்ரீட் போனதே ஃபிரெண்ட்ஸோடு டூர் என்று சொல்லித்தான். வீட்டில் எப்படிச் சொல்வது?

முதலில் அந்தப் பொய்யைச் சரிசெய்யுங்கள். எங்கே போனீர்கள் என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். விசுவாசத்தைப் பொய்யில் ஆரம்பித்தால் பின்னால் எதைச் சொன்னாலும் அப்பா நம்பமாட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் பிரசங்கம் செய்ய வேண்டாம். வந்த அன்றே சாமி படத்தைப் பற்றிப் பேசிச் சண்டை போட்ட பிள்ளைகள் உண்டு. அது தைரியம் என்று அவர்கள் நினைக்கிறார்கள், எனக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் தெரிகிறது. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு" என்ற கட்டளையில் அவர்கள் எந்த மதம் என்ற நிபந்தனை இல்லை. பாத்திரம் கழுவுங்கள், படியுங்கள், அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போங்கள். கோபக்காரப் பிள்ளை கோபம் குறைந்தவளாக மாறியிருந்தால் அவர்களே கேட்பார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போக வேண்டும், பிரசாதம் சாப்பிட வேண்டும் என்றால்? இதில் விசுவாசிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கொரிந்து சபையிலும் இதே பிரச்சினை இருந்தது, 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் அதைத்தான் பேசுகிறார். நான் சொல்வது: வழிபாட்டில் கலந்துகொள்ள மனசாட்சி இடம் தராவிட்டால் தனியாக, தாழ்மையாக, முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லுங்கள். எல்லாச் சொந்தக்காரரும் கூடியிருக்கும்போது தட்டைத் தள்ளிவிட்டு அவரைத் தலைகுனிய வைக்காதீர்கள். அன்றைக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

எங்கள் வீடு நாலு தலைமுறை கிறிஸ்தவ வீடுதான். ஆனால் குடும்ப ஜெபம் கிடையாது. நான் வேதம் வாசித்தால் "என்ன, சாமியாராகப் போறியா" என்று கிண்டல்.

சிரித்துவிட்டுத் தொடருங்கள். ஞாயிறு ராத்திரி மட்டும் பத்து நிமிடம், ஒரு பாட்டு, ஒரு சங்கீதம் என்று கேட்டுப் பாருங்கள். தாத்தாவுக்குப் பிடித்த கீர்த்தனையில் ஆரம்பித்தால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

விட்டுவிட்டேன் என்று நினைத்த பழைய பழக்கம் திரும்பி வந்துவிட்டது. போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன்.

மலையில் போனைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். அதனால்தான் மூன்று நாள் சுலபமாக இருந்தது. வீட்டிலும் அதேபோல் ஏதாவது செய்யுங்கள்: ராத்திரி போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், எழுப்புவதற்கு நூறு இருநூறு ரூபாய் அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ஜெபம் மட்டும் செய்துவிட்டுப் போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

வாரம் ஒரு முறை சந்திக்கச் சொன்னேனே, அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்திருக்கும்வரை அதற்குப் பலம் அதிகம். விழுந்த அன்று "இனி எனக்கு ஜெபிக்கத் தகுதியில்லை" என்று தியானத்தை நிறுத்தாதீர்கள். பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது, என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வெட்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது மூன்று முறை. அதற்கப்புறம் கரையில் மீன் சுட்டு வைத்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டவர் யார்?

ரிட்ரீட்டில் ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது. இது தேவ சித்தமா?

ஆறு மாதம் கழித்து, வெயிலில், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போதும் பிடிக்கிறதா என்று பாருங்கள். அதுவரைக்கும் தேவனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

மலையில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம், ஒரே அறையில் படுத்தோம். ஊருக்கு வந்தால் காலனி, ஊர் என்று பழையபடிதான். அங்கே அழுது கட்டிப்பிடித்த நண்பனே என் தெருவுக்கு வருவதில்லை.

இந்தக் கேள்வியை மேடையில் யாரும் எடுப்பதில்லை, அதனால் இங்கே எடுக்கிறேன். வட ஆற்காட்டுச் சபைகளில் பெரும்பகுதி தலித் குடும்பங்களின் விசுவாசத்தால் எழும்பியவை. அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருப்பது அவமானம், ஆனால் அந்த அவமானம் உங்களுடையது இல்லை. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற கலாத்தியர் 3:28-ஐப் பாட்டாகப் பாடிவிட்டு வரன் தேடும்போது சாதி கேட்பவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள்.

அந்த நண்பனிடம் நேராகக் கேளுங்கள், "ஏன்டா வீட்டுக்கு வரமாட்டேங்கிற" என்று. பயமோ வீட்டுக் கட்டுப்பாடோ காரணமாக இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். மற்றவர்களுக்கு, அதாவது அந்தத் தெருவுக்குப் போகாதவர்களுக்கு, நான் சொல்வது: ரிட்ரீட்டில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று என்னிடம் நீளமாகச் சொல்ல வேண்டாம். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வாலிபர் கூடுகையைச் சுற்று முறையில் எல்லாத் தெருக்களிலும் வையுங்கள், காலனி வீட்டில் முதலில்.

எனக்குச் சந்தேகங்கள் வருகின்றன. தேவன் இருக்கிறாரா என்றே தோன்றுகிறது. கேட்டால் திட்டுவார்கள்.

திட்டாத ஒருவரிடம் கேளுங்கள். நான் முதலில் சொன்ன, நோயாளிப் பிள்ளையோடு வந்த அந்தத் தகப்பனை மாற்கு 9-இல் பாருங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறார். அந்த அரைகுறை ஜெபத்துக்கே பிள்ளை சுகமானான். கேள்விகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துத் தேடுங்கள். சிலவற்றுக்குப் பதில் கிடைக்கும், சில வருஷக்கணக்கில் கூடவே வரும். என்னிடமும் அப்படிக் கூடவே வரும் கேள்விகள் உண்டு. ஆராதனைக்கு நான் போகாமல் இல்லை.

ஜெபம் மட்டும் இல்லை, எதிலுமே மனசு ஓடவில்லை. தூக்கம் இல்லை, அழுகை வருகிறது, செத்துவிடலாம் என்று கூடத் தோன்றுகிறது. விசுவாசம் குறைந்ததாலா?

இதை ஆவிக்குரிய வறட்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மன அழுத்த நோயாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. உபவாசம் போட வேண்டிய நேரம் இது இல்லை. சாகத் தோன்றினால் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்பவரிடம், வேலூரில் உட்கார்ந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். என்ன சொல்வது?

இரண்டு நிமிடம். நடந்ததை மட்டும். "நான் முழுசாக மாறிவிட்டேன்" என்று சொல்ல வேண்டாம், அது ஆறு மாதம் கழித்து உங்கள் அம்மா சொல்ல வேண்டியது.

அடுத்த வருஷமும் போகலாமா?

போங்கள். ஆனால் இந்தத் தடவை காய் நறுக்கவும் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆளாகப் போங்கள். அங்கே போனால்தான் தேவன் பேசுவார் என்ற எண்ணம் வந்துவிட்டால் மட்டும் ஒரு வருஷம் விட்டுவிடுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் நடத்துகிறவரிடம் தனியாகச் சொல்லுங்கள், சபையில் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்வார். நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மே மாதம் ஏலகிரியில் அறை கிடைப்பது கஷ்டம், ஜனவரியிலேயே பேசி வையுங்கள். அதே கையோடு ஜூன், ஜூலை வாரக் கூடுகைகளுக்கும் தேதி குறித்துவிடுங்கள்.